அயனி மரத்துப் பொந்தும் நம் ஊர்த் தேன்பெட்டியும்: ஒரு சின்ன வரலாறு



போன வாரம் எங்கள் புரையிடத்தில் நிற்கிற பழைய அயனி மரத்தின் படத்தைப் போட்டிருந்தேன். பொந்துக்குள் தேனீ போய்வருவதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் எழுதினீர்கள். "டீச்சர், பயமா இல்லையா?" என்று மாணவர்கள். "பெரியம்மா, ராத்திரி மண்ணெண்ணெய் ஊத்தி விட்டிருங்க" என்று சொந்தக்காரப் பிள்ளைகள். "மைனி, எத்தனை குப்பி தேன் கிடைக்கும்?" என்று ஒருத்தி. இதற்கெல்லாம் ஒற்றை வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். வகுப்பறையில் நாற்பது நிமிடத்தில் மணி அடித்துவிடும். இங்கே மணி அடிக்க ஆள் கிடையாது. ஆகவே ஒரு கட்டன்சாயா வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், பொந்தில் இருப்பது யார் என்று தெரிந்துகொள்வோம். எல்லாத் தேனீயும் ஒன்றல்ல. நம் பக்கத்தில் நான்கு வகை உண்டு.

மலைத்தேனீ பெரியது. பாறையிலும், உயரமான மரக்கிளையிலும், தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஒரே ஒரு பெரிய அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். செய்தித்தாளில் "தேனீ கொட்டி பலர் மருத்துவமனையில்" என்று வருவது பெரும்பாலும் இதன் வேலைதான்.

கொம்புத்தேனீ சிறியது. செடியின் கொம்பைச் சுற்றி உள்ளங்கை அளவில் ஒற்றை அடை கட்டும்.

கொசுத்தேனீ இன்னும் சிறியது. கொடுக்கு கிடையாது. பழைய மண்சுவரின் ஓட்டைக்குள் பிசினும் மெழுகும் குழைத்துக் குட்டிக்குட்டிக் குடங்கள் செய்து தேனை வைக்கும். பாட்டிமார் மருந்துக்குத் தேடியது இந்தத் தேனைத்தான்.

நாலாவது, பொந்துத் தேனீ. அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள். இருட்டான பொந்துக்குள் பல அடைகளை அடுக்கடுக்காக, ஒன்றுக்கொன்று இணையாகக் கட்டும். எங்கள் அயனி மரத்தில் இருப்பது இதுதான். மனிதனோடு பெட்டியில் குடியிருக்கச் சம்மதித்த நம் நாட்டுத் தேனீயும் இதுதான். இன்று நான் சொல்லப்போகும் கதை இந்தத் தேனீயைப் பற்றியது.

பறித்துத் தின்ற காலம்

மனிதன் தேனீயை வளர்க்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே தேனைப் பறிக்கத் தொடங்கிவிட்டான். ஸ்பெயின் நாட்டில் வலென்சியாவுக்கு அருகே ஒரு குகையில், கயிறு போன்ற ஒன்றில் தொங்கியபடி ஓர் ஆள் கூட்டில் கைவிடுவதும், தேனீக்கள் அவரைச் சுற்றிப் பறப்பதுமாக ஓர் ஓவியம் இருக்கிறது. பல ஆயிரம் ஆண்டு பழமையானது. நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்துப் பாறை ஓவியங்களில் தேன் எடுக்கும் காட்சிகள் உண்டு.

நம் சங்க இலக்கியத்தையும் பாருங்கள். பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழவன் உழாமலே அந்த மலை தரும் விளைச்சல் நான்கு உண்டு என்று கபிலர் புறநானூற்றின் 109-ஆம் பாடலில் எண்ணிச் சொல்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, நாலாவது தேன். மற்ற மூன்றையும் போலத் தேனும் மலை தானாகத் தருவது, யாரும் வளர்ப்பது அல்ல. அன்றைய நிலை அதுதான்.

எகிப்தில் மட்டும் வேறு கதை. சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன்பு கட்டப்பட்ட ஒரு சூரியக் கோயிலின் சிற்பத்தில், படுக்க வைத்த உருளைக் கூடுகளிலிருந்து தேன் எடுத்து நிரப்புவது காட்டப்பட்டிருக்கிறது. அங்கே அப்போதே தேனீ வளர்ப்பு தொழிலாகிவிட்டது. நம் நாட்டிலும் பிற்காலத்தில் மண்பானையிலும் குடைந்த மரத்தடியிலும் தேனீயைக் குடியேற்றும் பழக்கம் பல இடங்களில் இருந்தது. ஆனால் அதில் ஒரு சங்கடம். தேன் எடுக்க வேண்டுமென்றால் அடையை அறுத்துப் பிழிய வேண்டும். தேனோடு முட்டையும் புழுவும் நசுங்கும். கூட்டம் அழியும், இல்லையென்றால் ஓடிப்போகும்.

பெட்டி வந்த கதை

இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது ஒரு சின்ன இடைவெளி. அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் 1851-இல் ஒன்றைக் கவனித்தார். சட்டத்துக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடம் விட்டால், தேனீ அதை அடைக்காமல் நடைபாதையாக வைத்துக்கொள்கிறது. இடம் அதைவிடக் குறைந்தால் பிசினால் பூசிவிடும். கூடினால் அங்கேயும் அடை கட்டிவிடும். அந்த அளவு தெரிந்ததால் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கவும், திருப்பி வைக்கவும் முடிந்தது. 1865-இல் ஹ்ருஷ்கா என்பவர், அடையைச் சுழற்றித் தேனை மட்டும் பிரிக்கும் கருவியைச் செய்தார். அடை உடையாது, புழு சாகாது. காலியான அடையைத் திருப்பிக் கொடுத்தால் தேனீ மறுபடியும் நிரப்பும்.

ஆனால் லாங்ஸ்ட்ராத் பெட்டி ஐரோப்பியத் தேனீக்குத் தைத்த சட்டை. நம் தேனீ உடலிலும் சிறியது, கூட்டமும் சிறியது. அந்தச் சட்டை இதற்குத் தொளதொளவென்று இருந்தது. நம் தேனீக்கு ஏற்ற அளவில் சின்னப் பெட்டி செய்தவர் பாதர் நியூட்டன். 1911 முதல் 1917 வரை தமிழகத்துக் கிராமத்து மக்களுக்கு அவர் தேனீ வளர்க்கப் பயிற்சி கொடுத்தார். கீழே புழு வளர்க்க ஏழு சட்டம், மேலே தேன் சேர்க்கத் தனி அடுக்கு. இன்றும் நம் ஊரில் ரப்பர் மரத்தடியில் நிற்கிற பெட்டிக்கு "நியூட்டன் பெட்டி" என்றுதான் பெயர். பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆப்பிள் விழுந்த நியூட்டன் என்று சொன்ன பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு! அவர் வேறு, இவர் வேறு.

அடுத்தது மார்த்தாண்டம். 1920-களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. ஒரு கிராமப் புனரமைப்பு மையத்தைத் தொடங்கியது. நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். அப்போது நம் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். கையில் இருக்கிற சின்ன நிலத்தையும் சின்ன வசதியையும் வைத்தே ஏழைக் குடும்பம் தன் காலில் நிற்க வேண்டும் என்பது ஹாட்சின் கொள்கை. கோழி, நெசவு, பனைவெல்லம் இவற்றோடு தேனீயும் சேர்ந்தது. தேனீ வளர்க்க ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். பெட்டி வைக்க ஒரு முழம் இடம் போதும். மேய்ச்சல் ஊரார் எல்லாருடைய தோட்டத்திலும். இதைவிட ஏழைக்கு ஏற்ற தொழில் ஏது?

பின்னால் ரப்பர் பெருகியது தேனுக்குப் பெரிய வாய்ப்பாகிவிட்டது. ரப்பர் மரம் இலையுதிர்த்து மறுபடி துளிர்க்கும்போது, மூன்று இலைகள் சேரும் காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். அது பூவின் தேன் அல்ல, இலைக் காம்பின் தேன். ஏறக்குறைய பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்தப் பருவம். அந்த மாதங்களில் பெட்டிகளை வண்டியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இங்கே ஒரு கேள்வி கேட்கிறேன். மார்த்தாண்டத்துப் பெட்டிகளுக்கு முதல் தேனீ எங்கிருந்து வந்தது? எந்தக் கப்பலிலும் வரவில்லை. மரப்பொந்திலிருந்தும், கல்லிடுக்கிலிருந்தும், பாழடைந்த சுவரிலிருந்தும் பிடித்து வந்து குடியேற்றியதுதான். பெட்டி வெளிநாட்டு அறிவில் பிறந்தது. தேனீ நம் பொந்தில் பிறந்தது.

பெட்டிகள் காலியான வருஷம்

என் அப்பாவிடம் பதினான்கு பெட்டிகள் இருந்தன. எங்கள் தாத்தா மார்த்தாண்டத்தில் பயின்ற ஒருவரிடம் இரண்டு பெட்டி வாங்கித் தொடங்கியதாக அப்பா சொல்வார். எனக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கட்டணம் கட்டியதில் பாதி தேன் காசுதான். வேலை கிடைத்து நான் பாடம் நடத்திய தொடக்கப் பள்ளியிலும், தேன் விற்ற காசில் நோட்டும் சீருடையும் வாங்கிய பிள்ளைகள் நிறைய இருந்தார்கள்.

1991-92-இல் அந்த நோய் வந்தது. தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய். 1976-இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். வளர்ந்த தேனீயை அது உடனே வீழ்த்துவதில்லை. புழுவைத்தான் தாக்கும். கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன்பே புழு செத்து, உடம்புக்குள் நீர் கோத்து, சின்னப் பை போல ஆகிவிடும். அறைக்குள் தலையைத் தூக்கியபடி கிடக்கும். அடுத்த தலைமுறை பிறக்காது. வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சில வாரங்கள்தான் என்பதால் பெட்டி வேகமாகக் காலியாகும். மிச்சம் இருப்பவையும் கூட்டைவிட்டு ஓடிப்போகும். மருந்து கிடையாது. தென்னிந்தியாவில் பத்துக்கு ஒன்பது பங்கு கூட்டங்கள் அழிந்ததாகக் கணக்கிட்டார்கள்.

அப்பாவின் பதினான்கு பெட்டியும் ஒரே வருஷத்தில் போய்விட்டன. காலைதோறும் போய் மூடியைத் திறந்து பார்ப்பார், மூடுவார், ஒன்றும் பேசாமல் வந்து திண்ணையில் உட்காருவார். அந்த வருஷம் என் வகுப்பில் மூன்று பிள்ளைகள் நோட்டு இல்லாமல் வந்தார்கள். விசாரித்தால் மூன்று வீட்டிலும் பெட்டி காலி. "தேனீ செத்தால் பள்ளிக்கூடத்தில் தெரியும்" என்று அப்போது நான் என் சக டீச்சரிடம் சொன்னது நினைவிருக்கிறது.

அதற்கப்புறம் இத்தாலியத் தேனீ தென்னாட்டுக்கு வந்தது. வட இந்தியாவில் 1960-களிலேயே அது நிலைபெற்றுவிட்டது. தேன் அதிகம் தரும், நல்ல தேனீதான். குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பெரிய பெட்டி, பூ இல்லாத காலத்தில் சர்க்கரைப் பாகு, கூடுதல் கவனிப்பு எல்லாம் வேண்டும். இரண்டு பெட்டி வைத்துப் பிழைக்கும் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

நம் தேனீ எப்படித் திரும்பியது? நோய் மரப்பொந்தையும் விட்டுவைக்கவில்லை, அங்கும் நிறைய அழிந்தன. ஆனால் எல்லாம் அழியவில்லை. காரணத்தை யோசித்துப் பாருங்கள். பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நாம் ஒரு பெட்டியின் சட்டத்தை எடுத்து இன்னொன்றில் வைப்போம். வலுக்குறைந்த பெட்டியின் தேனை அடுத்த பெட்டித் தேனீ கொள்ளையடிக்கும். நோய்க்கு அது கொண்டாட்டம். பொந்துகளோ ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. கைபடாமல் இருக்கின்றன. நோயைத் தாங்கும் உடல்வாகு உள்ள கூட்டம் பிழைத்தது, அதன் வம்சம் பெருகியது. பெட்டியில் தப்பிய ஒன்றிரண்டும், பொந்தில் தப்பியவையும் சேர்ந்துதான் மறுபடி தொழில் எழுந்தது.

எங்கள் வீட்டிலேயே கண்டேன். 1995 வாக்கில் அயனி மரத்துப் பொந்திலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து வந்து மாங்கொம்பில் கொத்தாகத் தொங்கியது. அப்பா மூன்று வருஷமாகத் தூசி படிந்துகிடந்த பெட்டியைத் துடைத்து, உள்ளே பழைய மெழுகு தடவி, கூட்டத்தை மெல்ல அதில் இறக்கினார். கை நடுங்கியது அவருக்கு, பயத்தில் அல்ல. அந்த ஒரு பெட்டி நாலாயிற்று. அப்பா காலமாகும்போது ஆறு பெட்டி இருந்தது.

ஆக, பிள்ளைகளே, மரப்பொந்துதான் நமக்கு விதைப் பெட்டி. உழவன் எவ்வளவு பசி என்றாலும் விதைநெல்லைக் குத்தித் தின்னமாட்டான் அல்லவா? "எத்தனை குப்பி தேன்?" என்று கேட்ட மைனிக்கு இதுதான் பதில். அந்தக் கூட்டில் நான் தேன் எடுப்பதில்லை.

பக்கத்தில் வாழ்வது எப்படி

இனி பயத்தைப் பற்றி. பயம் நியாயமானதுதான், கேலி செய்யமாட்டேன். பேரனைக் கூட்டிக்கொண்டு மகள் வரும்போது எனக்கும் ஒரு கண் அந்த மரத்தின் மேலேதான் இருக்கும். ஆனால் இத்தனை வருஷத்தில் நாங்கள் கடைப்பிடித்த சில வழக்கங்கள் இருக்கின்றன. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. பொந்தின் வாசலுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது, துணி காயப்போடக் கூடாது. அது அவர்களுடைய பாதை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் கண்டுகொள்ளமாட்டார்கள்.

2. கல்லெறிவது, புகை போடுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, பூச்சிமருந்து அடிப்பது எதுவும் வேண்டாம். விபத்து நடப்பது பெரும்பாலும் இப்படிச் சீண்டும்போதுதான்.

3. வாசலை நோக்கி இரவில் பெரிய விளக்கு போடாதீர்கள். வெளிச்சத்துக்கு வரும்.

4. கொத்தாகக் கிளையில் தொங்கும் கூட்டத்தைப் பார்த்தால் அலற வேண்டாம். அது வீடு தேடும் கூட்டம். பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு புறப்பட்டு வந்திருக்கிறாள். வயிறு நிறையத் தேன் குடித்திருக்கும், காப்பாற்ற வேண்டிய புழுவும் அடையும் கிடையாது. அதனால் அவ்வளவு சாது. பெரும்பாலும் சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ போய்விடும்.

5. கொட்டிவிட்டால் முதலில் அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும். கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழம் போல ஒரு மணம் கிளம்பும். "எதிரி இங்கே" என்று மற்ற தேனீக்களுக்கு அது சொல்லும் சேதி. கொடுக்கைத் தாமதிக்காமல் நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், தலைசுற்றல், உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் கைவைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனை. நிறையக் கொட்டு வாங்கியவர்களையும் அப்படியே கொண்டுபோக வேண்டும்.

6. வீட்டில் தேனீக்கொட்டு ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரர் இருந்தால், கூட்டை இடம் மாற்றுவதுதான் சரி. அதற்கு நம் ஊரில் தேனீ வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ராணியோடு எடுத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவார்கள். கொல்ல வேண்டியதில்லை.

7. மலைத்தேனீ கூடு என்றால் இந்தக் கணக்கு வேறு. அதன் பக்கம் தனியாகப் போகாதீர்கள். பழக்கம் உள்ளவர்களையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடுங்கள்.

இவ்வளவு கவனத்துக்கும் பதிலாக எங்களுக்குக் கிடைப்பது என்ன? முருங்கை, தென்னை, பாகல், புடலை, பூசணி எல்லாவற்றிலும் விடிந்ததும் அவர்கள்தான் வேலைக்கு வருகிறார்கள். பூசணிப் பூவில் குச்சியால் மகரந்தம் தடவிக் காய்க்க வைக்கும் கஷ்டம் எங்கள் வீட்டில் கிடையாது. கடந்தை வந்து வாசலில் சுற்றினால், இந்தச் சின்னத் தேனீக்கள் அதைப் பந்து போலச் சூழ்ந்து, உடம்புச் சூட்டை 45 டிகிரிக்கு மேல் ஏற்றி வேகவைத்தே கொல்லும். எத்தனையோ தலைமுறை இந்த மண்ணில் வாழ்ந்து கற்ற பாடம் அது.

ஒரு குடும்ப விஷயம்

கடைசியாக, சொந்தக்காரர்களுக்கு ஒன்று. மாணவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டிலும் இது வரும்.

பாகப்பிரிவினையில் அந்த அயனி மரம் நிற்கிற துண்டு தம்பி மகனுக்குப் போகிறது. அவன் வீடு கட்ட வேண்டும். அயனித் தடிக்கு இப்போது என்ன விலை என்று எனக்கும் தெரியும். வாசல்நிலை, ஜன்னல் எல்லாம் அந்த ஒரு மரத்திலேயே எடுத்துவிடலாம். "மரத்தை வெட்டாதே" என்று நான் சொல்லவில்லை. அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. வாடகை வீட்டில் எத்தனை நாள் இருப்பான்?

நான் கேட்பது இரண்டு. முதலாவது, வருகிற ரப்பர் துளிர்க்கிற பருவம் முடியும்வரை பொறுக்க வேண்டும். அதற்குள் கூட்டம் பெருகிப் பிரிந்தால், ஒரு பங்கைப் பெட்டியில் இறக்கிவிடலாம். அப்பாவின் பெட்டிகளில் இரண்டு இன்னும் மாடியில் இருக்கின்றன, கறையான் தொடவில்லை. இரண்டாவது, மரம் சாய்க்கிற அன்று காலையில் ரம்பம் மட்டும் வரக் கூடாது, தேனீக்காரரும் வர வேண்டும். பொந்து இருக்கிற துண்டை முதலில் அறுத்துத் தனியே இறக்கி, உள்ளே இருப்பவர்களைக் குடிமாற்றிவிட்டுத்தான் மற்றது. கூலியை நான் தருகிறேன்.

இதில் சிலர் சிரிப்பீர்கள். "ஒரு பூச்சிக்கூட்டுக்கு இத்தனை ஏற்பாடா, அக்கா?" என்று ஒருத்தர் குடும்பக் குழுவில் போட்டிருந்தார். என் பதில் இதுதான். நெல்லுக்கு விதை வங்கி இருக்கிறது, மாட்டுக்குப் பண்ணை இருக்கிறது. நம் பொந்துத் தேனீயைத் தேனீ வளர்ப்பவர் வீட்டில் மட்டும் காப்பாற்றிவிட முடியாது என்று 1992 நமக்குச் சொல்லிக் கொடுத்தது. இன்னொரு நோய் வரலாம். அன்றைக்குக் காலியான பெட்டிகளுக்கு ஆள் அனுப்ப எங்கேயாவது ஒரு பொந்து மிச்சம் இருக்க வேண்டும். பழைய மரங்களும் மண்சுவர்களும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிற ஊரில், அந்தப் பொந்து உங்கள் புரையிடத்தில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலும் கூடு இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த மரம், எந்தச் சுவர், எத்தனை வருஷமாக என்று சொல்லுங்கள். படம் எடுப்பவர்கள் பக்கவாட்டில் நின்று எடுங்கள், முதல் விதியை மறந்துவிடாதீர்கள். எல்லாரும் நல்லா இருங்க, பிள்ளைகளே.

அன்புடன்,
உங்கள் டீச்சர்